அலாரம் அக்காவுக்கு வந்த கடிதங்கள்

இரவு ஒரு மணிக்கு எழுதி, விடியும் முன்பே தலைவரின் கைப்பேசிக்கு அனுப்பித் தொந்தரவு செய்வதற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் ஏழு மாத மகளுக்கு நேற்று மாலையிலிருந்து காய்ச்சல். காலை இரங்கல் கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. என் உரையைத் தலைவர் வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அய்யா, ஒரே ஒரு வேண்டுகோள். சங்கடமான இடம் வரும்போது தாண்டிப் போய்விடாதீர்கள்.

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும், அக்காவின் கணவரான பஸ் டிரைவர் அண்ணனே, அவருடைய பிள்ளைகளே! முதல் படகைப் பிடித்து அண்டை நாட்டு எதிர்க்கரையிலிருந்து வந்திருக்கும் பல் டாக்டர் அம்மா அவர்களே! இரு கரைக் கடல் கண்காணிப்புத் தொண்டர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நம்மை விட்டுப் போனவர் ஒரு மருந்துக்கடைக்காரர். பத்து நாள் முன்பு அதே கடையில், யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தார். கடல் தண்ணீர் வடியும் நேரத்துக்கு, செத்து ஒதுங்கிய ஆமைகளை எண்ண வரச் சொல்லிப் போன் போட்டு நம்மை எழுப்பியதால் நாம் அவரை அலாரம் அக்கா என்று அழைத்தோம். "எந்திரிங்க, தண்ணி வடியுது" என்ற அந்தக் குரலைத் திட்டாதவர் யாராவது இந்த மண்டபத்தில் உண்டா? திட்டிக்கொண்டே எழுந்து போகாதவர் யாராவது உண்டா?

அவரைப் புகழ இன்று பலர் வந்திருப்பீர்கள். நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து ஆண்டுகள்! அதை மறைத்துவிட்டு என்னால் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது.

நாங்கள் இருவரும் ஒரே நாளில்தான் குழுவில் சேர்ந்தோம். நான் கடலியல் படித்தவள். அவருக்குப் படகில் ஏறினாலே வாந்தி வரும். எதிர்க்கரைக் குழுவை நடத்தும் டாக்டர் அம்மாவுக்குப் போகும் கடிதங்களை எழுதுவது என் வேலை. நான்கு பக்கம் எழுதுவேன். எத்தனை ஆமை செத்து ஒதுங்கியது, எந்தத் திசைக் காற்று, எண்ணெய்ப் படலம் எத்தனை அடி, எல்லாம் இருக்கும். கடைசியில் அக்கா பேனாவை வாங்கி ஒரே ஒரு வரி சேர்ப்பார். "டாக்டரம்மா, முட்டி வலி எப்படி இருக்கு?"

பதில் வரும். முட்டி வலியைப் பற்றி இரண்டு பக்கம்! என் நான்கு பக்கத்துக்கு, "அறிக்கை கிடைத்தது."

"என்ன காலேஜு, மூஞ்சி தொங்குது?" என்பார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "நீ எழுதுறது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. படிச்சு எடுத்து வச்சுடுவாங்க. யாரு பதில் போடுவா?"

எரியுமா எரியாதா?

இரண்டு கரைகளின் ஆமைக் கணக்கும் ஒத்துப்போகாமல் சண்டை மூண்ட வருடம் நினைவிருக்கிறதா? நீங்கள் கூட்டிச் சொல்கிறீர்கள் என்று நாம் சொன்னோம். நீங்கள்தான் என்று அவர்கள் சொன்னார்கள். கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தவர் யார்? செத்த ஆமை நாறுகிறதென்று நம் கரை ஆட்கள் அதைத் திரும்பக் கடலில் தள்ளிவிடுகிறார்கள், அது எதிர்க்கரையில் ஒதுங்கி இரண்டாம் முறை எண்ணப்படுகிறது என்று அக்காதான் கண்டுபிடித்தார். கடையில் விற்காமல் கிடந்த ஆரஞ்சு நகப்பூச்சை எடுத்துவந்து ஓட்டில் கோடு போட்டார். எதிர்க்கரைக்குப் பச்சை நகப்பூச்சு அனுப்பினார். கோடு இருந்தால் எண்ணாதே. அவ்வளவுதான்! மூன்று மாதச் சண்டை இரண்டு பாட்டிலில் முடிந்தது. கடலியல் படித்தவளுக்கு அது ஏன் தோன்றவில்லை? அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இப்போதுதான் அந்தச் சங்கடமான இடம். தலைவர் அய்யா, நிறுத்தாமல் வாசியுங்கள்.

டேங்கர் கப்பல்கள் நம் பொதுக் கடலில் தொட்டி கழுவிக் கொட்டுவதால்தான் ஆமைகள் சாகின்றன. கழுவும் எல்லையை வெளிக்கடலுக்குத் தள்ளச் சொல்லி இரு நாட்டு அதிகாரிகளிடமும் கேட்டோம். இரு கரைத் தொண்டர்களும் நேரில் வந்து, சேர்ந்து கையெழுத்திட்ட கணக்கைக் கொடுத்தால்தான் எடுப்போம் என்றார்கள். சென்ற ஆண்டு எதிர்க்கரையில் கூட்டம். டாக்டர் அம்மா எழுதியிருந்தார்: "அலாரத்தை அனுப்புங்கள்." என் பெயரைக் கேட்டிருப்பார் என்று நினைத்து உறையைப் பிரித்தவள் நான். வயிற்றில் நான்கு மாதம் வேறு. அந்தக் கடிதத்தை நான் அக்காவிடமோ குழுவில் வேறு யாரிடமுமோ காட்டவே இல்லை. "அவருக்குக் கடையில் விடுப்பு கிடைக்கவில்லை" என்று பதில் எழுதிவிட்டேன்.

நம் பக்கத்தில் யாரும் போகவில்லை. கூட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. அந்த ஓராண்டில் நாம் கோடு போட்ட ஆமைகள் அறுபத்திரண்டு.

கூட்டம் தள்ளிப்போய் ஒரு வாரம் கழித்து அக்கா என்னைக் கடைக்கு வரச் சொன்னார். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டார்.

"எனக்குக் கடையில லீவு கிடைக்கலையாமே? டாக்டரம்மா போன்ல வருத்தப்பட்டாங்க."

நான் கீழே விழுந்த அட்டைத் துண்டுகளைப் பொறுக்கினேன்.

"என் கடைக்கு நான்தான் முதலாளி, காலேஜு. எனக்கு நானே லீவு கொடுக்க மாட்டேனா? பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பார்த்துச் சொல்லக் கூடாதா?"

"அக்கா, படகுல உங்களுக்கு ஒத்துக்காதேன்னு..."

"வாந்தி எடுத்துக்கிட்டே போயிருப்பேன்டி. என் மேல எரிச்சல்னா என்னைத் திட்டு. ஆமை உனக்கு என்ன பண்ணுச்சு?"

மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் குழுவில் ஒருவரிடமும் சொல்லவில்லை. டாக்டர் அம்மாவிடம், "ஆமாம், கடைக்கு ஆள் இல்லை" என்று என் பொய்யைத் தன் பொய்யாக்கிக்கொண்டார். நான்காவது வாரம் விடியும் முன் என் போன் அடித்தது. "காலேஜு, தண்ணி வடியுது. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வா." மன்னிப்புக் கேட்க நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே அவர் மன்னித்து முடித்துவிட்டார். அதிலும் அவர்தான் முதல்!

இப்போதும் எரிகிறது. நேற்று மகளுக்கு நூற்றிரண்டு டிகிரி ஏறியபோது, மருந்து எத்தனை மில்லி என்று கேட்க என் விரல் தானாகப் போய் அழுத்தியது அவர் எண்ணைத்தான். டிரைவர் அண்ணன் எடுத்தார். "அவ கடை நோட்டுல குழந்தை எடையைப் போட்டு எழுதி வச்சிருக்கா, இரும்மா" என்று தேடி வாசித்தார். என் குழந்தையின் எடை எனக்கே சரியாக நினைவில்லை. அவருடைய நோட்டில் இருந்தது. இப்படிப்பட்டவரைப் பார்த்துப் பொறாமைப்படாமல் வேறு என்ன செய்வது?

டாக்டர் அம்மா அவர்களே! அக்கா போன பிறகு உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. உங்கள் துக்கம் காரணமாக இருக்கலாம்; நான்தான் காரணம் என்றும் எனக்குப் படுகிறது. இன்று உண்மையைச் சொல்லிவிட்டேன். என்னை நம்ப வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் அது நியாயம். எங்கள் பக்கத்துக்கு வேறொருவரைக் கேளுங்கள், தலைவர் ஏற்பாடு செய்வார். நான் நகப்பூச்சு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். அதற்கு என் உறுதியை இந்த அவையில் தருகிறேன்.

தள்ளிவைத்த கூட்டம் அடுத்த மாதம் கூடுகிறது. அதற்கு முன் இரு கரையும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டியது இன்னும் ஒரு முறைதான். வரும் சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வடிகிறது. நீங்கள் உங்கள் கரையில் இறங்குவீர்களா? உங்கள் கையெழுத்து இல்லாமல் எங்கள் எண்ணுக்கு மதிப்பில்லை. எங்களுடையது இல்லாமல் உங்களுடையதற்கும் இல்லை.

வியாழக்கிழமைக்குள் தெரிந்தால் ஆட்களுக்குச் சொல்ல வசதியாக இருக்கும். இந்த முறை ஒரு வரி போதும், அம்மா. சீக்கிரம் பதில் போடுங்கள்.