தொண்ணூற்றொரு டிகிரியில் நின்ற வண்டி

பெயர்: சித்ரலேகா, வயது 48, த/பெ பூதலிங்கம், மேல ரத வீதி, திருநெல்வேலி டவுன்.

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன். மகளிர் கல்லூரி ஒன்றில் இயற்பியல் இணைப் பேராசிரியராக உள்ளேன். வண்ணாரப்பேட்டையிலுள்ள கார் பணிமனையில் எஞ்சின் பழுதைக் கண்டறிய வைத்துள்ள ஸ்கேனர் கருவியை நான் திருடிக்கொண்டு ஓடியதாக அதன் மேலாளர் கணேஷ்ராம் கொடுத்த புகாரில் விசாரிக்கப்பட்டு இதைச் சொல்கிறேன். கருவியை எடுத்தது உண்மை. ஓடவில்லை, நடந்தேன்.

கடந்த 14.06.2024 அன்று பகல் இரண்டு மணியளவில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு எனது காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஓட்டியவர் சீவலப்பேரி ஐயம்பெருமாள், வயது 57. பதினோரு ஆண்டுகளாக என்னிடம் வேலை செய்கிறார். நான் பின்னிருக்கையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வீரவநல்லூர் அருகே வளைவில் கார் திரும்பாமல் நேரே சென்று, பேருந்துக்குக் காத்திருந்த சொர்ணாம்பாள் என்பவர் மீது மோதியதில் அவருக்கு இடது கால் முறிந்தது. அதன் பிறகு நான் ஐயம்பெருமாளிடம், தூங்கிவிட்டீர்களா என்று மூன்று முறை கேட்டேன். "இல்லம்மா, வண்டி செத்துட்டு. ஸ்டேரிங் கல்லாட்டம் ஆயிட்டு" என்றார். நான் நம்பவில்லை. அன்று மாலை விபத்து வழக்கில் கொடுத்த வாக்குமூலத்தில், ஓட்டுநர் கண்ணயர்ந்திருக்கலாம் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன். தற்போது அவருடைய உரிமம் முடக்கப்பட்டுள்ளது. அது ரத்தானால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு, எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் காரை மேற்படி பணிமனையில் விட்டிருந்தேன். ஸ்கேனரில் வந்த பழுதுக் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். காரணம் கேட்டதற்குக் கணேஷ்ராம், "வெளக்கு அணைஞ்சிட்டுல்லா மேடம், பொறவு என்ன?" என்றார். விபத்துக்குப் பின்பு, எஞ்சினில் குறையில்லை என்று காவல் நிலையத்துக்குக் கடிதம் கொடுத்ததும் அதே பணிமனைதான். எதை அளந்து அப்படி எழுதினார்கள் என்று கேட்க, 27.06.2024 காலை பத்து மணிக்கு ஐயம்பெருமாளுடன் அங்கு சென்றேன். வாகன ஆய்வு முடிந்து விடுவிக்கப்பட்ட கார் அங்கேதான் நின்றது.

எலக்ட்ரீசியன் இஸ்ரவேல் என் வேண்டுகோளின்படி ஸ்கேனரைப் பொருத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஓடும்போதே மாறும் அளவுகளைத் திரையில் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தன. அப்போது கணேஷ்ராம், "அண்ணாச்சி, ஸ்டேரிங்கப் புடிச்சிக்கிட்டே ஒறங்குனா வண்டி என்னவே செய்யும்?" என்று ஐயம்பெருமாளைக் கேட்டார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். ஐயம்பெருமாள் துண்டால் கார்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

கடிதம் எழுதிய அன்று எப்போது சோதித்தீர்கள் என்று இஸ்ரவேலைக் கேட்டேன். காலையில் ஷெட்டைத் திறந்த கையோடு என்றார். அதாவது ஆறிய எஞ்சினை. நான் அணைக்க வேண்டாம் என்றேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து, வெப்பம் 91 டிகிரி காட்டியபோது, எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 780 என்றிருந்த எண் படிப்படியாக இறங்காமல் ஒரே வீச்சில் பூஜ்யமானது. அதன் பிறகுதான் எஞ்சின் குலுங்கி நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அப்போது யாரும் இல்லை. எஞ்சின் சுழற்சியை எண்ணும் சென்சார் சூடேறினால் செயலிழக்கிறது, எஞ்சின் நின்றால் ஸ்டீரிங்கும் இறுகிவிடும் என்று இஸ்ரவேலே சொன்னார். ஒருமுறை நடந்ததை நான் முடிவாகக் கொள்வதில்லை. ஆறவைத்து மறுபடி ஓடவிடச் சொன்னேன். இம்முறை 90 டிகிரியில் நின்றது. இரண்டும் கருவியில் பதிவாகியுள்ளன.

அதன் பிறகு நான் கணேஷ்ராமிடம், "இப்ப ஒறங்குனது யாருங்க?" என்று கேட்டேன். அவர் இஸ்ரவேலிடம் திரும்பி, "ஏலே, எல்லாத்தையும் அழிச்சி விடுலே" என்றார். சோதித்த வண்டியின் பதிவை அழித்துவிட்டே வெளியே விடுவது பணிமனை வழக்கம் என்றார். இஸ்ரவேல் விரல் திரையை நோக்கிப் போனது. நான் கருவியை அவர் கையிலிருந்து பிடுங்கி, வயரைக் கழற்றி, வரவேற்பு மேஜையிலிருந்த நோட்டில் என் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதினேன். பிறகு வெளியே வந்தேன்.

கருவியை இப்போது ஒப்படைக்கிறேன். அதில் எந்தப் பொத்தானையும் நான் தொடவில்லை. என் முன்னிலையில் முத்திரையிட்டு எனக்கு ரசீது தர வேண்டும். இது திருட்டு என்றால் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் விபத்து வழக்கில் நான் முன்பு சொன்ன "கண்ணயர்ந்திருக்கலாம்" என்பதையும் சேர்த்து விசாரிக்க வேண்டும். அன்று நான் தலைகுனிந்து விடைத்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்களை நான் பார்க்கவே இல்லை. பார்க்காததைப் பார்த்தவள்போல் சொன்னேன்.

இதில் உள்ளவை நானே கண்டவை, கேட்டவை, செய்தவை. ஊகம் எதுவும் இல்லை. முழுவதையும் வாசித்துப் பார்த்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) பூ. சித்ரலேகா