எரநூத்திப் பதினாலு சைட்டேஷன்

...திட்டுறாங்கம்மா, நான் இல்லேங்கல! திட்டுனாலும் கணக்கு கணக்குதானே? ஜெர்மனிக்காரன் திட்டுறானா, ஒண்ணு. ஜப்பான்காரன் திட்டுறானா, ரெண்டு. இப்புடியே எரநூத்திப் பதினாலு! என்னம்மா, ஜெராக்ஸ் மெசின் சூடாயிருச்சா? கொஞ்சம் வெரசா ஓட்டுங்க. நாலு மணிக்கு காலேஜ் ஆபீஸ்ல பைலக் குடுக்கலேன்னா இந்த வருசமும் ப்ரமோஷன் அம்போதான்.

பைல் மேல டாக்டர் ஆத்மநாதன்னு பெருசாப் போடுங்க. ஊசி போடுற டாக்டரு இல்லம்மா, எனக்கு அந்த ராசி இல்ல. மூளை ஆராய்ச்சி. சின்னப் புள்ளைக மூளை எப்புடி வளருது, எப்புடிக் கவனிக்குதுன்னு பாக்குறது. நம்ம கட்டுரையப் பேர் சொல்லி இன்னொருத்தன் எழுதுனா அது ஒரு சைட்டேஷன். எத்தனன்னுதான் கமிட்டி எண்ணும். எவன் உள்ள படிக்கிறான்? படிச்சிருந்தா எங்க ஹெச்.ஓ.டி. எல்லாம் ஹெச்.ஓ.டி. ஆயிருப்பாரா? அவரு மொத்தமே ஒம்போது. அதுல ஏழு அவரே அவரச் சொல்லிக்கிட்டது! அந்தாளு ஏசி ரூம்ல, நான் இங்கிட்டு வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறேன்.

என்ன... எதுக்குத் திட்டுறாங்கன்னா? அது ஒரு கூத்தும்மா. அஞ்சு வருசம் முன்னாடி குளத்தூர்ப் பக்கம் ஒரு பால்வாடியில முப்பத்திரெண்டு புள்ளைகளுக்கு, மூளையில ஓடுற கரண்ட அளக்குற தொப்பியப் போட்டுப் பாத்தேன். பாதிக்குப் பாதிதான் சிக்னல் வந்துச்சு. சரி, இதுக மூளை மெதுவாத்தான் வேல செய்யிது போலன்னு எழுதி அனுப்பிட்டேன். அச்சாயிருச்சு! அப்பறம் எவனோ ஒரு பெல்ஜியத்துக்காரன், நான் போட்டிருந்த போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்திருக்கான். அத்தன தலையும் எண்ணெயில மினுமினுக்குது! எண்ணெ இருந்தா தொப்பி ஒட்டாதும்மா, சிக்னல் எங்கிட்டு வரும்? அன்னையிலேர்ந்து ஒலகத்துல எவன் புள்ளைக்குத் தொப்பி மாட்டுனாலும், "ஆத்மநாதன் மாதிரி பண்ணிராதீங்க"ன்னு ஒரு வரி எழுதிப்புட்டுத்தான் ஆரம்பிக்கிறான்!

எல்லாம் அந்தத் தாய்மாருகளாலம்மா! கொஞ்சமாச்சும் வெவரம் வேணாம்? நெத்தியில வழியிற அளவுக்கா அப்பிக் கூட்டியாருவாக?

என்ன... நீங்களும் வந்திருந்தீங்களா? ஒங்க புள்ளையா? இனியா... அட, பதினேழாம் நம்பரு! நல்ல புள்ளையாச்சே, அழுவவே இல்ல. எப்புடி இருக்கா?

கடைசி பெஞ்சுலயா? ஏன்?

...அந்த லிஸ்ட்டா? ஆமா, ஸ்கூலுக்கு நாந்தான் குடுத்தேன். இந்தப் புள்ளைக மந்தம்னு தெரிஞ்சா டீச்சரு கூடுதலாக் கவனிப்பாகன்னு... ஒரு நல்லெண்ணத்துல... மூணாங்கிளாஸ் வரைக்குமா டீச்சரு அவகிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கல? ச்சே. எனக்கெப்புடிம்மா தெரியும்?

நோட்டீஸா? எந்த நோட்டீஸு? இன்னுமா அத வச்சிருக்கீங்க! குடுங்க பாப்போம்... "போட்டோ எடுப்பதால் குழந்தைகளுக்குத் தலையில் நன்றாக எண்ணெய் தேய்த்து, படிய வாரி அழைத்து வரவும். இப்படிக்கு, ஆத்மநாதன்." ம்ம். கையெழுத்து என்னுதுதான். காலேஜ் மலர்ல போட படம் லட்சணமா இருக்கணுமேன்னு... அதாம்மா.

லிஸ்ட்டு தப்புன்னு ஸ்கூலுக்கு எழுதித் தரணுமா? இல்லம்மா, கேளுங்க. கட்டுரை தப்புன்னு நானே எழுதிக் குடுத்தா, அச்சடிச்ச பத்திரிகைக்காரன் அத வாபஸ் வாங்கச் சொல்லுவான். வாபஸ் வாங்குனா எரநூத்திப் பதினாலும் ஒண்ணுக்கும் ஆகாது. அந்த ஹெச்.ஓ.டி. சிரிப்பாரும்மா, வாய் கொள்ளாம சிரிப்பாரு! ப்ரமோஷன் ஆர்டர் கைக்கு வரட்டும், மறுநாளே எழுதித் தாரேன். சத்தியமா.

ஏம்மா மெசின நிறுத்திட்டீங்க? அசலையெல்லாம் ஏன் உள்ள வச்சுப் பூட்டுறீங்க? என்ன இது, வெள்ளப் பேப்பரு... பேனா வேறயா? மணி மூணேகால் ஆவுதும்மா! ஒரு மனுசன் பொழப்பும்மா!

...இப்புடிப் பாக்காதீங்க. அந்தப் புள்ளையும் இப்புடித்தான் பாத்துச்சு, தொப்பிய மாட்டையில.

சரி. ஹெட்மாஸ்டர் பேரு என்ன? திருமுருகனா? "உயர்திரு திருமுருகன் அவர்களுக்கு. இனியா மந்தம் என்று நான் கொடுத்த பட்டியல் முற்றிலும் தவறு..." போட்டாச்சு. என்னது, முப்பத்திரெண்டு பேருக்குமா? சரி, "அனைத்துக் குழந்தைகளும்"னு போட்டுர்றேன். "தலையில் எண்ணெய் இருந்ததால் அளவு பிழையாகிவிட்டது." போதுமில்ல?

...எண்ணெ வைக்கச் சொன்னது யாருன்னுமா எழுதணும்?

எழுதுறேம்மா, எழுதுறேன்.