கரண்ட் பில்லில் அப்பா பேர்

கழக்கூட்டத்திலிருந்து கிழக்கேகோட்டை வரும் பஸ்ஸில், ஆபீஸ் முடிந்த இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள். ஒருத்தி சொன்னதில் என் தூக்கம் கலைந்தது.

"அப்பா போனதைக் கரண்ட் ஆபீசுல சொல்லப்படாதுங்கறா அம்மா."

"ஐயோ, அங்கே எதுக்குச் சொல்லணும்?"

"மாடியில சோலார் வெச்சா கவர்ன்மென்ட்ல சப்சிடி தரா. ஆனா கனெக்‌ஷன் எங்க பேர்ல இருக்கணும், அது இன்னும் அப்பா பேர்ல கிடக்கு."

"பேரை மாத்தினா தீர்ந்துது, அல்லே?"

"அதைத்தான் விடமாட்டேங்கறா. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்து, மடுத்துப் போச்சு. மீட்டர் பார்க்க வர்றவர் வாசல்ல நின்னு அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். இப்போ அந்தப் பேரைக் கூப்பிட வேற யாரு வரா?"

"அம்மா என்ன பதில் சொல்லுவா?"

"'வெளில போயிருக்கார், இப்போ வந்துடுவார்'ம்பா."