விரித்த விரல்களும் விழாத பம்பரமும்

தலைமை தாங்கும், மின்விசிறியைத் தம் பக்கம் மட்டும் திருப்பி வைத்திருக்கும் திரையரங்க உரிமையாளர் அவர்களே! கல் நெஞ்சையும் கரைக்கும் கலை கற்ற இயக்குநர் அவர்களே! முன்வரிசை முழுதும் நிறைந்த மூத்தோர்களே! மடியில் பிள்ளையும் கண்ணில் கைக்குட்டையுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கூடாரத்தின் வெயிலையும் மழையையும் என்னோடு பகிர்ந்த கூட்டாளிகளே! உங்கள் அனைவருக்கும் கதாநாயகனின் வணக்கம். மன்னிக்கவும், கதாநாயகனுடைய கைகளின் வணக்கம்!

சிரிக்காதீர்கள். இந்த வெற்றிவிழாவில் நான் யாராக நிற்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

நாங்கள் ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ்காரர்கள். குதிரை வண்டியும் நீண்ட கோட்டும் இருந்த தாத்தா காலத்துச் சர்க்கஸில் ஒரு காதல் என்று சொல்லிப் படமெடுக்க வந்தார் இயக்குநர். படத்தில் நாயகன் நடந்தால் நடிகர். ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கினால் நான்! நாயகி அழுதால் நடிகை அம்மையார். அந்தரத்தில் பறந்தால் எங்கள் பம்பரம்! சுற்றிச் சுற்றிப் பறக்கிறவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அவள் பறப்பாள், நான் பிடிப்பேன். அதுதான் எங்கள் பிழைப்பு. இப்போது சொல்லுங்கள்: திரையில் காதலித்தது யார்? முகம் அவருடையது, மணிக்கட்டு என்னுடையது, கண்ணீர் கிளிசரினுடையது. காதல் யாருடையது?

"ஹீரோவப் பத்திப் பேசுய்யா!" என்கிறார் பின்வரிசைத் தம்பி. அவரைப் பற்றித்தான் பேசுகிறேன் தம்பி, அல்லது என்னைப் பற்றி. அவர் எங்கே முடிகிறார், நான் எங்கே தொடங்குகிறேன் என்று தெரிந்தால் முதலில் உமக்குத்தான் சொல்வேன். உட்காரும்.

கதைப்படி கடைசியில் நாயகனின் கை நழுவ வேண்டும், நாயகி விழுந்து சாக வேண்டும். கீழே வலை விரித்திருந்தது. "விட்டுடுங்கண்ணே, அவ்வளவுதான் வேலை!" என்றார் இயக்குநர். அவ்வளவுதானா? பிடிப்பதற்கென்றே வளர்த்த கை ஐயா இது! விடச் சொன்னால் விடுமா? அவள் பறந்து வந்தாள், பிடித்தேன். மறுபடி வந்தாள், மறுபடி பிடித்தேன். ஃபிலிம் தீர்ந்தது, வெளிச்சம் தீர்ந்தது, இயக்குநரின் பொறுமையும் தீர்ந்தது. கடைசி முறை, பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை விரித்தேன். அப்போதும் அவள் விழவில்லை! என் கை என் பேச்சையே கேட்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். இயக்குநரும் நாற்காலியை உதைத்துவிட்டு, "போகட்டும், ரெண்டு பேரும் சேந்தே வாழட்டும்!" என்று முடிவை மாற்றினார். நீங்கள் கைதட்டினீர்களே, அந்த முடிவு அப்படிப் பிறந்ததுதான்!

கீழே இறங்கியதும் பம்பரம் கேட்டாள்: "அத்தன தடவ சொல்லியும் என்னை ஏன் விடல?"

என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? என்ன சொன்னேன் தெரியுமா? "பழக்கம்தான்" என்றேன். "பழக்கமா? சரி" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. இதோ, இந்த அரங்கின் டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருக்கிறதே, பார்த்தீர்களா? அவளுடையதுதான். விழா முடிந்ததும் வேறு சர்க்கஸுக்குப் போகிறாள். விழா தொடங்குமுன் மூன்று முறை போய் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன், தாய்மார்களே. அது பழக்கமா, பயமா, பாசமா? பிரித்துச் சொல்லத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன், சற்று முன் உங்களோடு உட்கார்ந்து முதன்முறையாகப் படம் பார்க்கும்வரை.

பெரியோர்களே, எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பறக்கிறவள் கையை நீட்டலாம், பற்றக் கூடாது! இரண்டு பேரும் பற்றினால் விரல் சிக்கும், மணிக்கட்டு முறியும். பயிற்சியின் முதல் பாடமே அதுதான். பம்பரம் ஒரு நாளும் அதை மீறியதில்லை.

ஆனால் இந்த வெள்ளித்திரையில், கைகள் மட்டும் ஆளுயரத்துக்குப் பெரிதாக வந்தனவே அந்தக் கடைசிக் காட்சி, அதில் என்ன கண்டேன்? என் விரல்கள் விரிந்திருக்கின்றன! பத்தும் விரிந்திருக்கின்றன! என் கை என் பேச்சைக் கேட்டுத்தான் இருக்கிறது! அப்படியானால் அவள் ஏன் விழவில்லை? என் மணிக்கட்டைச் சுற்றியிருந்த விரல்கள் யாருடையவை? முதல் பாடத்தை மறந்தவர் யார்?

பம்பரம், நாலாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டால் தெரியாதா? எழுந்திரு! எல்லாருக்கும் கேட்கச் சொல். என்ன? இன்னும் சத்தமாக... "கை தவறிப் பிடிக்கல, விரலும் சிக்கிக்கல. நான்தான் விடல! இது புரிய உனக்குப் படம் எடுத்துக் காட்டணுமா?" என்கிறாள்! கேட்டீர்களா தாய்மார்களே?

அப்படியானால் நானும் சொல்கிறேன். பழக்கம் என்றது பச்சைப் பொய். விடச் சொன்னபோதெல்லாம் உன்னை விட மனம் வரவில்லை. அதுதான் உண்மை, அதற்கு மேல் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது.

தலைவர் மணியடிக்கிறார், முடித்துவிடுகிறேன். இத்தனை காலம் நீட்டியவள் அவள், பிடித்தவன் நான். இன்று முதன்முறையாக நீட்டுகிறவன் நான்! இதோ வருகிறாள், வழிவிடுங்கள். இரண்டு கையும் நீட்டியே இருப்பதால் கும்பிட வழியில்லை. வாயாலேயே வணங்குகிறேன், அவையோரே, நன்றி!

வாசலில் இருப்பவர் யாராவது அந்தத் தகரப் பெட்டியைக் கொஞ்சம் உள்ளே எடுத்து வையுங்கள்.