சந்தனம் காயும் வரை

சீப்பில் எத்தனை முடி வந்தால் உங்களுக்குப் பயம் வரும்?

சிலர் ஒற்றை முடிக்கே ஓடி வந்துவிடுகிறார்கள். அதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கவுண்டர் மேல் வைத்து, "பாருங்க, வேரோட வந்துடுச்சி" என்று காட்டியவர்கள் உண்டு. நான் அதை மரியாதையோடு பார்ப்பேன். ஒரு நாளைக்கு நூறு வரை கொட்டுவது எல்லோருக்கும் நடப்பதுதான். பிரசவம், டைபாய்டு, வீட்டில் ஒரு சாவு, இவற்றுக்கெல்லாம் பிறகு கொஞ்ச மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பொறுமையாக இருந்தால் அதுவும் தானாகவே திரும்பி வந்துவிடும். ரத்தம் கம்மியாக இருந்தாலோ தைராய்டு இருந்தாலோ முதலில் அதைப் பார்க்க வேண்டும். வட்டமாக ஒரே இடத்தில் போனால் புழுவெட்டு. அதில் புழு எதுவும் கிடையாது. உடம்பு தன் முடியையே எதிரி என்று தப்பாக நினைத்துக்கொள்கிறது. குடும்பவழி வழுக்கைதான் அடம்பிடிக்கிற சாதி. அதையும் ஆரம்பத்தில் பிடித்தால் நிறுத்தி வைக்கலாம்.

நான் டாக்டர் இல்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுஐப் பாய் வைத்திருக்கும் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. எனக்கு வேறு வேலை இல்லாததால் படிப்பேன். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். அங்கே பேச ஆள் இல்லாமல் போனதால் இங்கே வந்தேன். இங்கேயும் கடையை மூடி அறைக்குப் போனால் மறுநாள் ஷட்டரைத் தூக்குகிற வரைக்கும் என் குரலை நான் கேட்டது கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் வருவது புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்போதுதான் இளஞ்செழியன் என் அறைக்குக் குடிவந்தான். ரிஷிவந்தியம் பக்கத்தில் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். அவனுக்கு ஜவ்வரிசி ஆலையில் வேலை. தினமும் பைக்கில் கல்வராயன் மலை ஏறி, மரவள்ளி போட்டவர்களிடம் கிழங்கு பேசிவிட்டு இறங்குவான். வரும்போதே வாசலில் இருந்து பேச்சைத் தொடங்கிவிடுவான். நான் வெங்காயம் நறுக்க, அவன் சோறு வடிக்க, மலையில் யார் யாரோடு சண்டை, எந்தக் கொண்டை ஊசி வளைவில் மாடு படுத்திருந்தது என்று எல்லாம் வரும். என் பேச்சையும் விடமாட்டான்.

"வந்துட்டேம்ல, போய்ட்டேம்ல. இன்னாண்ணா இது, வாயில லாலா போட்டுக்கினு பேசறமாதிரி?"

நான் வேண்டுமென்றே இன்னும் இரண்டு 'ல' சேர்த்துப் பேசுவேன்.

அவனுக்கு உச்சந்தலையில் முடி விலகத் தொடங்கியதை முதலில் பார்த்தது டீக்கடை வீரமுத்து. "செழியா, ஹெல்மெட்ட கழட்டாத. பொண்ணு பாக்கப் போனாலும் அதோடவே ஒக்காரு. காபி குடிக்க மட்டும் கண்ணாடிய மேல தூக்கிக்கோ" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அன்றைக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டான்.

பிறகு அவன் தலை பொதுச்சொத்தாகிவிட்டது. ஹெல்மெட்டால் கொட்டுகிறது என்றார் ஒருவர். கொட்டாது, அது மண்டையைத்தான் காப்பாற்றும். சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய் என்றார் இன்னொருவர். கொஞ்ச நாள் அறை முழுக்கச் சாம்பார் வாசனை. கரியாலூரில் டூரிஸ்ட்களுக்கு விற்கிற பச்சை எண்ணெய் வந்தது. முட்டை வந்தது. சுஐப் பாய்க்குத் தலையில் ஒன்றும் இல்லை, தாடி மட்டும் நெஞ்சுவரை. "என்ன மாதிரி விட்டுடுப்பா. எங்கயும் போவல, கொஞ்சம் கீழ எறங்கி வந்து ஒக்காந்துகிச்சி" என்றார்.

இரண்டு இடத்தில் பெண் பார்க்கப் போனபோது பெண் வீட்டார், "போட்டோல ஒரு மாதிரி இருந்தாரு, நேர்ல ஒரு மாதிரி இருக்கறாரு" என்று சொல்லிவிட்டார்கள். அதில்கூட அவன் ரொம்ப உடையவில்லை. ஜெயசுதாவைப் பார்த்த பிறகுதான் உடைந்தான். அவள் மலைமேல் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பஸ் வராத ஒருநாள் இவன் பைக்கில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். அப்புறம் பஸ் அடிக்கடி வராமல் போனது.

"அவ என்ன ஹெல்மெட் இல்லாம பாத்ததே இல்லண்ணா. அவுங்க அப்பா வந்து பேசட்டும்னு சொல்லிட்டா. எத்தினி நாள்தான் மூடிக்கினே திரியறது?"

நான்தான் அவனைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். இது பரம்பரை. முடியின் வேர் சாகவில்லை, சுருங்கியிருக்கிறது. சொட்டு மருந்து தினமும் போட்டால் வேர் மறுபடி எழும். முதலில் சில வாரம் இன்னும் ஜாஸ்தியாகக் கொட்டும், பயந்து நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். மாத்திரையும் இருக்கிறது. அதன் காகிதத்தில் இருந்த பக்கவிளைவுகளை நான் படித்துக் காட்டியதும் இளஞ்செழியன் கல்யாணத்துக்கு முன்னால் அது வேண்டாம் என்றான். கடைசி வழி, பின்மண்டையில் இருந்து எடுத்து முன்னால் நடுவது.

"நடவா? எங்கப்பா கழனிய வித்துட்டு எந்தலையில நாத்து நடுவாரா டாக்டர்?" என்றான்.

டாக்டர் சிரித்துவிட்டு, "வேர் உயிரோட இருக்கு, அது போதும். வேர் வெந்து தழும்பாயிட்டா மட்டும்தான் மருந்து வேலை செய்யாது" என்றார். எனக்கு எல்லாம் மனதில் நிற்கும். இதுவும் நின்றது.

உச்சந்தலை அவன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மருந்து போடுகிற வேலை எனக்கு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் சாய்ந்துகொள்வான். நான் முடியை வகுந்து, வகிடு வகிடாகச் சொட்டு விட்டு, விரல் நுனியால் தடவுவேன். அவன் பேசிக்கொண்டே இருப்பான். நான் ஒரு மனிதனைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கடையில் மீதிச் சில்லறை கொடுக்கும்போது படுகிற கையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

டாக்டர் சொன்னபடியே முதலில் கொட்டியது. "போச்சிண்ணா, இருந்ததும் போச்சி" என்று தலையணையைக் காட்டி அழுதான். "பொறுல, பழசு விழுந்தாத்தான் புதுசு வரும்" என்றேன். பொறுத்தான். பிறகு ஒருநாள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன், பூனைமுடி மாதிரி மெல்லியதாக முளைத்திருந்தது. முதலில் பார்த்தது நான்தான். சொன்னதும் என்னைத் தூக்கிச் சுற்றினான்.

"ஜெயசுதா அப்பாவ வரச் சொல்லிடறேண்ணா. கல்யாணம் ஆனா மேலயே வூடு பாத்துப் போயிடுவோம். நீ லீவுல வந்துடு."

லீவில் வரச் சொன்னான். அவன் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான்.

அந்த வாரம் புட்டியைக் கழுவி, ஆறவைத்த தண்ணீரை ஊற்றினேன். வாசனைக்குக் கொஞ்சம் ஸ்பிரிட். அவனுக்குக் கெடுதல் எதுவும் கொடுக்கவில்லை, நல்லது கொடுப்பதை நிறுத்தினேன், அவ்வளவுதான். தினமும் அதே மாதிரி வகுந்து, அதே மாதிரி தடவினேன். பூனைமுடி போய்விட்டது. அவன் ஜெயசுதாவின் அப்பாவுக்குத் தவணை சொல்லிக்கொண்டே இருந்தான்.

"டாக்டர ஒரு தபா பாத்துடலாமாண்ணா? மருந்து வேல செய்யல போலக்கிது."

"அவங்க என்ன புதுசா சொல்லப் போறாங்க? மருந்து நான் கொண்டு வாறதுலா? என்மேல நம்பிக்கை இல்லியா?" என்றேன். அதோடு டாக்டர் பேச்சு முடிந்தது.

இந்த நேரத்தில்தான் அவன் அம்மா தைலம்மாள் மலையடிவாரத்துக் குலசாமிக்கு மகன் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். போனில் என்னிடம்தான் கேட்டார். "தம்பி, மொட்ட போட்டா முடி மொத்தமா வளரும்னு சொல்றாங்களே, மெய்தானா? நீ மருந்து கட வெச்சிருக்கிறவங்கிட்ட இருக்கிற, ஒனக்குத் தெரியும்."

வளராது. கத்தி மேலே இருப்பதைத்தான் வெட்டும், வேருக்கு அது தெரியாது. வெட்டின முனை மொட்டையாக இருப்பதால் தடிமனாகத் தோன்றும், அவ்வளவுதான். ஆனால் மொட்டை போட்டால் முடி வளர சில மாதம் ஆகும், பெண் பார்க்கிற பேச்சு அதுவரை தள்ளிப்போகும் என்று எனக்குப் பட்டது. "மெய்தாம்மா. நல்லா அடர்த்தியா வரும்" என்றேன்.

என் கணக்கில் ஒரு பிழை. ஜெயசுதாவின் அப்பா ஜெயப்பிரகாஷ் மொட்டை என்று கேட்டதும் சந்தோஷப்பட்டுவிட்டார். "சாமிக்குக் குடுத்த தலைதானே, அதுக்கென்னா கூச்சம்? அடுத்த வாரமே வர்றோம்" என்று சொல்லியனுப்பினார். இளஞ்செழியனுக்கும் தைரியம் வந்துவிட்டது. மொட்டைத் தலையில் வழுக்கை யாருக்குத் தெரியும்? இதை நான் யோசிக்காமல் விட்டேன். எங்கள் ஊரிலும் மொட்டை போடுகிறார்கள், யோசித்திருக்க வேண்டும்.

கோயிலுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். மொட்டை அடித்துக் குளித்து வந்ததும் தலையில் சந்தனம் பூச வேண்டும். வாசலில் சின்னக்கண்ணு என்ற பெரியவர் தட்டில் அரைத்த சந்தனம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். வாங்கியது தைலம்மாள். பூசியது நான். அவன் தலையைத் தொட்டுப் பழகியவன் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. சட்டைப்பையில் கடையில் இருந்து கொண்டுவந்த சிறு புட்டி இருந்தது. சந்தனக் கிண்ணத்தில் அதைக் கலந்தேன். பூசி முடித்ததும் என் கையை மட்டும் உடனே கழுவிக்கொண்டேன். புட்டியில் என்ன இருந்தது என்று எழுதப்போவதில்லை. உங்கள் அறையிலும் ஒருவர் குடியிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில், "எரியுதும்மா" என்றான்.

"புது மொட்டடா, எரியத்தான் செய்யும். சாமி சந்தனம், காயறதுக்குள்ள கழுவக் கூடாது. பொறுத்துக்கோ."

"ரொம்ப ஜாஸ்தியா எரியுதும்மா." என்னைத் திரும்பிப் பார்த்தான். "இன்னாண்ணா இது?"

"வேரு திறக்குல. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

நம்பினான். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சந்தனம் காய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான். கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண், "எம்மாம் பக்தி பாரு இந்தப் புள்ளைக்கி" என்றாள்.

சந்தனத்தோடு தோலும் வந்தது. ஆஸ்பத்திரியில் என்ன தடவினீர்கள் என்று கேட்டார்கள். சந்தனம் மட்டும்தான் என்று தைலம்மாள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். போலிச் சந்தனம் என்று முடிவாயிற்று. இளஞ்செழியனின் சொந்தக்காரர்கள் போய்ச் சின்னக்கண்ணுவின் தட்டைத் தூக்கி எறிந்து, அவரையும் இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறார்கள். இப்போது அவர் கோயில் பக்கம் வருவதில்லை, வீட்டோடு இருக்கிறாராம். வயதான காலத்தில் வெயிலில் உட்காராமல் இருப்பது நல்லதுதான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நான் கோபத்தில் எதையும் செய்யவில்லை. முடியைப் பார்த்து வருகிற பெண் முடி போனால் போய்விடுவாள், அதை அவன் முன்னாடியே தெரிந்துகொள்வது அவனுக்கு நல்லது என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் போல நல்ல மாதங்கள் எனக்கு வாய்த்ததில்லை. அவன் வேலைக்குப் போகவில்லை. ஜெயசுதா வீட்டுக்கும் இப்போது வரவேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டான். மாலையில் நான் வருகிற வரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பான். பஞ்சால் துடைத்து, களிம்பு போட்டு, ஊதிவிடுவேன். புண் ஆறியது. தலை முழுக்கப் பளபளவென்று இழுத்துப்பிடித்த தோல். வேர் இல்லை, இனி எந்த மருந்தும் வேண்டாம் என்றார் டாக்டர். என் மடியில் படுத்து அழுதான். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். ரொம்ப மிருதுவாக இருந்தது.

ஜெயசுதா ஒரு சனிக்கிழமை தன் அப்பாவோடு வந்தாள். ஜன்னலில் இருந்து பார்த்தவன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"எங்க ஓட்டிக்கினு போறீங்க, கட்டிலயா?"

அவன் ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டான்.

"கழட்டுங்க."

கழற்றினான். அவள் பக்கத்தில் வந்து, சுற்றி ஒரு முறை நடந்து, நன்றாகப் பார்த்தாள். தழும்பை விரலால் தொட்டாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான். "எங்க ஸ்கூல்ல புள்ளைங்களுக்குப் பேன் பாத்துப் பாத்தே என் கை ஓஞ்சி போச்சி. வூட்லயாச்சும் அந்த வேல மிச்சம்" என்றாள். ஜெயப்பிரகாஷ் சிரித்தார். இளஞ்செழியன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. நான் போய் எல்லோருக்கும் கலர் வாங்கி வந்தேன்.

கல்யாணத்தில் மாப்பிள்ளை பக்கத்தில் என்னைத்தான் நிற்கவைத்தான். கரியாலூரில் வீடு பார்த்து, அறையில் இருந்த தன் சாமான்களை எடுக்க வந்தபோது என் காலைத் தொட்டான். "பெத்தவங்ககூட இப்டி பாத்திருக்க மாட்டாங்கண்ணா" என்றான். உண்மைதான், அவர்கள் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். சாமான்களை ஏற்றிய ஆட்டோ திரும்பியது. அன்றைக்கு அறையில் நான் எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை பிரவீன்குமார் என்று ஒருவர் அறை கேட்டு வந்தார். சங்கராபுரத்துக்காரர், பேங்கில் புதிதாகச் சேர்ந்தவர், கல்யாணம் ஆகவில்லை. நெற்றியை மறைக்கிற அளவுக்கு அடர்த்தியான முடி. "தலையில பொடுகு இருக்கு போலயே தம்பி" என்றேன். அவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்தார்.