தகப்பன் கையெழுத்து

என் மேஜைமேல் எப்போதும் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் இருக்கும். நேற்று என் அறையைச் சோதனை போட வந்தபோது நீங்கள்கூட இரண்டு எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள், சார்ஜென்ட் ஹோலப். குறையாகச் சொல்லவில்லை, எடுத்துக்கொள்ளத்தான் வைத்திருக்கிறேன். எங்களைத் தேடி வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

டெஸ்ஸா ப்ரூயட் மட்டும் எடுக்கவில்லை. முதல் நாள் இரண்டு தடவை சொல்லியும் கை நீட்டவில்லை. முதுகு கதவுப் பக்கம் இருக்கக் கூடாது என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். என் அறை நாற்காலியை என்னைக் கேட்காமல் திருப்பியது எனக்குப் பிடிக்கவில்லை. எதையும் விடாமல் சொல்லச் சொன்னீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரி சின்னது. நிதியுதவி அலுவலகத்தில் நான்கு பேர், அதற்கு நான் தலைவி. மத்திய அரசு படிப்புக்குப் பணம் தருகிறது. யாருக்குத் தரலாம் என்பதை அதன் விதிப்படி பார்த்து விடுவிப்பது எங்கள் வேலை. இருபத்து நான்கு வயது ஆகாத பிள்ளை என்றால் பெற்றவர்கள் வருமானமும் கையெழுத்தும் விண்ணப்பத்தில் வேண்டும். டெஸ்ஸாவுக்குப் பத்தொன்பது வயது. அம்மா உயிரோடு இல்லை. தகப்பன் வேய்ன் ப்ரூயட் நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில், முந்நூறு மைல் தள்ளி இருந்தார். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவள் காலியாக விட்டிருந்தாள்.

"நான் எங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியக் கூடாது, மேடம்," என்றாள். "தெரிஞ்சா வந்துருவாரு."

"வந்தா என்ன, கண்ணு? பெத்தவர்தானே."

"எங்கம்மாவும் அப்படித்தான் நெனச்சாங்க," என்றாள்.

அவள் அம்மா மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்ததாக அந்த ஊரில் எழுதி முடித்துவிட்டார்களாம். அதற்கு ஒரு மாதம் கழித்து டெஸ்ஸா ஒரு பையோடு வெளியேறி, பெண்கள் காப்பகம் ஒன்றில் தங்கி, அங்கிருந்து எங்கள் செவிலியர் படிப்புக்கு வந்து சேர்ந்தாள். உதவிப் பணம் வந்தால் விடுதி அறையும் படிப்பும் நிற்கும். வராவிட்டால் வசந்தப் பருவத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். தகப்பனுக்குத் தெரியாமல் அந்தப் பணம் வர வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இப்படி ஒரு பிள்ளை வந்து நின்றால் எங்களுக்குச் சிரமமே இல்லை. கையெழுத்து இல்லையா, பணம் இல்லை, போய் வா கண்ணு என்று மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுவோம். எல்லாக் கல்லூரியிலும் அப்படி என்று சொல்லவில்லை. எங்கள் அலுவலக வழக்கம் அது. பிறகு வாஷிங்டனிலிருந்து விதிகள் திருத்தி வந்தன. ஓமஹாவில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போனது நான். திரும்பி வந்து அலுவலகக் கையேட்டைப் புதிதாக எழுதியதும் நான்தான். நாற்பத்தோராம் பக்கம். வீட்டில் ஆபத்து என்று பிள்ளை சொன்னால் பெற்றவர் கையெழுத்தைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது. விவரம் தெரிந்த ஒருவரின் கடிதம் போதும். அதுவும் இல்லாவிட்டால் நாமே உட்கார்ந்து பேசி எழுதிவைத்த குறிப்பு போதும். சேர்ந்த அறுபது நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். எல்லாரையும் ஒரேயடியாக இல்லை என்று திருப்பி அனுப்பும் வழக்கம் கூடவே கூடாது. பரீட்சை வைத்தால் இன்றைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பேன். டோரீன் ஹாஸ்கலுக்கு விதி தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

டெஸ்ஸாவிடம் காப்பகத்து அம்மாள் கொடுத்த கடிதம் இருந்தது. தேதி, முத்திரை எல்லாம் ஒழுங்கு. என்கீழ் வேலை பார்க்கும் மரிசெல் ஒர்டீஸ் கோப்பைப் படித்துவிட்டு, பெற்றவரைச் சாராமல் தனித்து நிற்கும் மாணவி என்று ஒப்புக்கொள்ளலாம் என எழுதி, மூன்றாம் நாளே என் மேஜைக் கோப்புத் தட்டில் வைத்தாள். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நான் போடவில்லை. பத்தொன்பது வருஷமாக ஆடிட்டில் எங்கள்மேல் ஒரு குறைகூட எழுதப்பட்டதில்லை. நீங்கள் என் அறைச் சுவரில் பார்த்திருப்பீர்கள், வருஷத்துக்கு ஒரு சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். பிள்ளைகள் கூசாமல் பொய் சொல்வார்கள். ஒருவன் அப்பா செத்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தான். அடுத்த வாரம் அந்த அப்பாவே அவனை ட்ரக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார். அதனால் நான் எதையும் ஊறப்போட்டுப் பார்ப்பேன். மரிசெல்லுக்கு அது பொறுக்காது. ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"அந்தப் பொண்ணு கோப்பு ஏன் அப்படியே கெடக்கு?"

"அறுபது நாள் இருக்கு, மரிசெல்."

"அது கடைசி எல்லை. அதுவரைக்கும் தட்டுலயே கெடக்கணும்னு யாரும் சொல்லல. உங்க கையேட்டுலயே இருக்கு."

"நான் எழுதினதை எனக்கே படிச்சுக் காட்டுறியாக்கும்," என்றேன். அவள் முகம் சிவக்க வெளியே போனாள். அதற்குப் பிறகு அவளுக்கும் எனக்கும் பேச்சு வேலையோடு சரி.

எங்கள் கணினியில் ஒரு ஏற்பாடு உண்டு. பெற்றவர் கையெழுத்து விடுபட்ட விண்ணப்பம் முப்பது நாள் கிடந்தால், பள்ளிச் சான்றிதழில் இருக்கும் வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம் தானாக அச்சாகிப் போகும். உங்கள் பிள்ளை எங்களிடம் படிக்கிறார், நீங்கள் கையெழுத்திட வேண்டும் என்று. மேலே கல்லூரியின் பெயரும் ஊரும் எண்ணும் இருக்கும். பிப்ரவரி பத்தொன்பதில் அப்படி ஒன்று வேய்ன் ப்ரூயட்டுக்குப் போனது. நீங்கள் முதலில் விசாரித்தபோது, கணினி அனுப்பிவிட்டது என்றேன். அது பொய் இல்லை.

ஆனால் கடிதம் போகாமல் நிறுத்தத் திரையில் ஒரு கட்டத்தில் குறி வைத்தால் போதும். மரிசெல் அதை முதல் நாளே வைத்துவிட்டாள். பதினெட்டாம் தேதி மத்தியானம் அந்தக் குறியை எடுத்தவள் நான். அன்றைக்குக் கேன்டீனில் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும். நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து எடுத்தேன். கோபத்தில் செய்துவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள்.

மார்ச் பத்தாம் தேதி ப்ரூயட் முதல்முறை போனில் கூப்பிட்டார். எடுத்தது மரிசெல். அப்படி ஒரு பெண் இங்கே இருக்கிறாள் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது என்று வைத்துவிட்டு, நேராக டெஸ்ஸாவிடம் ஓடியிருக்கிறாள். மறுநாள் டெஸ்ஸா என் அறைக்கு வந்தாள். இந்தத் தடவை நாற்காலியில் உட்காரவே இல்லை.

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுது, மேடம்?"

"கணினி தப்பு, கண்ணு. கடிதம் தானாப் போயிடுச்சு."

"நான் கெளம்பிரவா? இன்னைக்கே போனா காப்பகத்துல எடம் இருக்கு. சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

படிப்பைப் பாதியில் விடாதே என்றேன். இங்கிருந்து ஒரு வார்த்தை வெளியே போகாது, அடுத்த வாரம் உன் கோப்பில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொன்னாள். போகும்போது, நான் சொல்லாமலே, கிண்ணத்திலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். சொன்னதைக் கேட்கிற பெண்தான் அவள், கல்லூரியிலேயே தங்கிவிட்டாள்.

பதின்மூன்றாம் தேதி அவர் மறுபடி கூப்பிட்டு, தலைவியிடம் பேச வேண்டும் என்றார். நாற்பது நிமிஷம் பேசினோம். நான் எதிர்பார்த்த குரல் அது இல்லை. மெதுவாக, வார்த்தைக்கு வார்த்தை மேடம் போட்டுப் பேசினார். எட்டு மாதமாகப் பெண் உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாமல் கிடக்கிறேன் என்றார். அவள் அறையை அப்படியே வைத்திருக்கிறாராம். அழுதார். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பது எவ்வளவு உண்மை என்று அன்றைக்கு நினைத்தேன்.

"அவ எம்பேர்ல என்ன சொல்லியிருந்தாலும் சொல்லிட்டுப் போகட்டும், மேடம்," என்றார். "அஞ்சு நிமிஷம் போதும். மொகத்தப் பாத்துப் பேசணும், அவ்வளவுதான்."

எனக்கும் ஒரு மகள் உண்டு. ஐரிஸ். பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போனாள். எட்டு வருஷம் ஆகிறது. வேறெங்கோ ஒரு கல்லூரியில், என் நாற்காலி மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தி, அவள் எழுதிக் கொடுத்ததை நம்பி, தனித்து நிற்கும் மாணவி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். என்னை ஒரு தரம்கூடக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதவு விஷயத்தைச் சொல்லியிருப்பேன். ஐரிஸின் விரல்கள் கதவில் மாட்டிக்கொண்டன. கதவைச் சாத்தியது நான்தான். அவள் கையை எடுத்திருக்கலாம், நான் எடுக்கச் சொல்லி மூன்று எண்ணினேன். ஒரு தாயின் பக்கத்தைக் கேட்க ஆளில்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், சார்ஜென்ட்.

மார்ச் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஐம்பதுக்குச் செவிலியர் வகுப்பு முடியும். அதற்குக் கொஞ்சம் பிறகு மூன்று சத்தம் கேட்டது. கூரையிலிருந்து பனிக்கட்டி சரிகிறது என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. மரிசெல் கோட்டுகூடப் போடாமல் ஓடினாள். வாகன நிறுத்தத்தில், டெஸ்ஸாவின் பழைய நீலக் கார் பக்கத்தில், ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வந்தவர்கள் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ப்ரூயட் தன் ட்ரக்கிலேயே காத்திருந்து உங்கள் ஆட்களிடம் துப்பாக்கியைக் கொடுத்தார். கோட்டுப் பையில் பட்டர்ஸ்காட்ச் ஒன்று பிரிக்காமல் இருந்தது என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், நெஞ்சு வெடிக்க அழுதேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அவள் கோப்பை எடுத்து, ஒப்புக்கொள்ளப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதியைப் பதினேழு என்று போட்டேன். அது ஐம்பத்தாறாவது நாள், விதிக்கு உட்பட்டதுதான். அவளுக்குச் சேர வேண்டியதை மறுத்தேன் என்று இருக்கக் கூடாது என்று நினைத்தேன். சாகும்போது அவள், காகிதத்தில், தகப்பனைச் சாராத பெண்ணாகத்தான் செத்தாள்.

இந்த மாதம் ஆடிட் வந்தது. மாதிரிக்கு எடுத்த கோப்புகளில் அவளுடையதும் இருந்தது. புதிய விதியை எப்படிக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கோப்பே நல்ல உதாரணம் என்று, எல்லார் முன்னிலையிலும் ஆடிட்டர் அதைத் தூக்கிக் காட்டினார். மரிசெல் எழுந்து வெளியே போனாள். கைகழுவப் போகிறாள் என்று நினைத்தேன். உங்களிடம் வந்திருக்கிறாள். அந்தப் பதினேழாம் தேதி சாயந்திரம் கோப்பு என் தட்டில் கையெழுத்தில்லாமல் கிடந்ததை அவள் படம் எடுத்து வைத்திருக்கிறாளாமே. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. கண்ணும் கருத்துமாக வேலை செய்கிற பெண். நான் பழக்கியவள்.

அந்த நாற்பது நிமிஷத்தில் ப்ரூயட்டிடம் என்ன பேசினேன் என்று மூன்று தடவை கேட்டீர்கள், ஆறுதல் சொன்னேன் என்றேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். மாணவர் விவரம் யாருக்கும் சொல்லக் கூடாது என்று வருஷா வருஷம் எங்கள் ஆட்களுக்கு வகுப்பெடுப்பவள் நான். டெஸ்ஸாவின் பாட அட்டவணையைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, செவ்வாயும் வியாழனும் என்று அவருக்குச் சொன்னேன். இரண்டு ஐம்பது என்று சொன்னேன். செவிலியர் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள நிறுத்தம், நீலக் கார், வலதுபக்கக் கண்ணாடியில் டேப் ஒட்டியிருக்கும் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொள்ள நேரம் விட்டு மெதுவாகச் சொன்னேன். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்லிச் சரி பார்த்தேன். வேலையில் எனக்கு அந்தப் பழக்கம்.

அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கலாமா? ஆளைத் தேடிப் பிடிக்கிற கணினி உங்களிடம் இருக்கிறது. ஐரிஸ் ஹாஸ்கல், வயது இருபத்தாறு, இடது கையில் இரண்டு விரல் சரியாக மடங்காது. பெயரை மாற்றிக்கொண்டிருப்பாள், ஆனால் உங்களுக்குக் கிடைத்துவிடும். விலாசம் மட்டும் போதும். அவள் என்மேல் என்ன சொல்லியிருந்தாலும் சொல்லிவிட்டுப் போகட்டும், நான் ஒன்றும் செய்துவிட மாட்டேன். ஐந்து நிமிஷம், முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், அவ்வளவுதான்.