மகிமாவின் குட்டி உலகம்

பொம்மைப் பெட்டியைப் பிரிக்கிற சத்தம் எந்தக் குழந்தைக்கும் பிடிக்கும், மேடம். உங்கள் வீட்டில் குழந்தை இருந்தால் தெரிந்திருக்கும். என் மகள் மகிமா பெட்டி பிரிப்பதை முதலில் விளையாட்டாகத்தான் ஃபோனில் எடுத்தேன். திருவொற்றியூரில் எங்களுக்குப் பொம்மைக் கடை, சரக்குக்குப் பஞ்சமில்லை. ‘மகிமாவின் குட்டி உலகம்’ என்று நெட்டில் வீடியோ சேனல் ஆரம்பித்தேன். தேரடிப் பக்கம் போனால் பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கையாட்டும்.

பிறகு எங்கள் வீடியோக்கள் எல்லாம் ‘குழந்தைகளுக்கானவை’ என்று அந்த வீடியோ கம்பெனிக்காரர்கள் முத்திரை குத்தினார்கள். கமெண்ட்டை மூடிவிட்டார்கள். பார்ப்பவர்கள் குறைந்தார்கள். குழந்தை நடித்தால் குழந்தைகளுக்கானதா, குழந்தைகள் பார்த்தால்தானா என்று எழுதிக் கேட்டேன். விதிமுறையைப் படிக்கச் சொல்லிப் பதில் வந்தது. படித்தேன். அது இரண்டு பக்கமும் பேசியது. பொம்மையை விட்டுவிட்டு மகிமாவைச் சமைக்க வைத்தேன், அதையும் மூடினார்கள். யாரோ புகார் கொடுக்கிறார்கள் என்று தோன்றியது. எதிர்வீட்டு இசக்கியம்மாளைச் சந்தேகப்பட்டேன். பிறகு என் மனைவி ஃப்ளோராவையே சந்தேகப்பட்டேன்.

மகிமாவுக்கு வீசிங் உண்டு. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் நெஞ்சு விசிலடிக்கும். மருந்து பம்ப்பை உறிஞ்சினால் அடங்கிவிடும். ஒருமுறை சமையலுக்கு நடுவே இழுப்பு வந்தது. பம்ப்பைக் கொடுத்தேன், எடுத்ததை அப்படியே போட்டேன். அதை மட்டும் யாரும் மூடவில்லை. பெரியவர்களுக்கான வீடியோ என்று விட்டுவிட்டார்கள். முகம் தெரியாதவர்கள் எல்லாம் அவளுக்காக ஜெபிப்பதாக எழுதினார்கள். விதி எங்கே நிற்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

அதன்பின் மணலிக் காற்று வரும் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தேன். பம்ப் என் சட்டைப் பையில் இருக்கும்.

“பம்பு எப்பவும் உங்க பையிலயே கெடக்கே, எதுக்கு?” என்று ஃப்ளோரா கேட்டாள்.

தொலைந்துவிடக் கூடாதே என்றேன். அவள் போய் ஜன்னலைச் சாத்தினாள். அன்றிலிருந்து அவள் என்னைக் கவனித்தாள். நான் அவள் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பும் நேரத்தைக் கவனித்தேன்.

போன வாரம் அவள் கிளம்பிப் போன பிறகுதான் மகிமாவுக்கு இழுப்பு வந்தது. வீடியோ சின்னதாக இருந்தால் எடுபடாது. அதனால் கொஞ்சம் பொறுத்தேன். அவள் கையை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். உதடு நீலம் பாரித்ததும் கொடுத்தேன். அவளால் உறிஞ்ச முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். அதை யாரும் சொல்வதில்லை.

பிழைத்துவிட்டாள். கண் விழித்ததும், உடனே ஏன் மருந்து எடுக்கவில்லை என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

“பம்பு அப்பா பாக்கெட்ல கீது. வீடியோ முடிஞ்சாத்தான் குடுக்கும்” என்றிருக்கிறாள்.

உண்மைதான் இன்ஸ்பெக்டர் மேடம், அப்படித்தான் செய்தேன். ஒரு வார்த்தை கூட்டிக் குறைக்காமல் சொல்லியிருக்கிறாள் பாருங்கள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளையாக வளர்த்திருக்கிறேன்.